காரணமின்றி உடைக்கப்பட்ட ஜன்னல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்மணி நாற்பது வயதில் சட்டம் படிக்கப் போனதற்கு, போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த ஓர் அதிகாரியின் ஆள்காட்டி விரல்தான் காரணம். அவளுடைய பயிற்சிக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு விரல்கடை சிறியதாக இருக்கிறதென்று அவர் அனுமதியை நிறுத்திவைத்தார். போன வருடம் இதே கண்ணாடியைச் சரி என்று எழுதியது நீங்கள்தானே என்று அவள் கேட்டாள். போன வருடம் சரிதான், இப்போது மேலே சட்டம் மாறிவிட்டது என்றார். எந்த மேலே என்றதற்கு விரலை உயர்த்திக் காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குச் சட்டம் தெரியுமாம்மா?" என்றார் அதிகாரி.

"தெரியாது. தெரிஞ்சிட்டு வரேன்."

கோபத்தில் சொன்னதையும் செய்து முடிப்பது அவள் குடும்பத்தில் பரம்பரை வியாதி. கண்ணாடியை மாற்றி அனுமதியை வாங்கிய கையோடு பல்கலைக்கழகத்தின் சட்டப் புலத்தில் விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. முதலாண்டில் கட்டாயப் பாடம் ஒன்றுதான்: 'நாட்டுச் சட்டமும் நாடு கடந்த சட்டமும் - ஓர் அறிமுகம்'. லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் தலைப்பைப் படித்துவிட்டு, "படிச்சு முடிச்சா நாடு கடத்திருவாங்களா?" என்று கேட்டார்.

பாடத்தின் சாரம் எளிது. அவர்களுடைய நாடு வேறு பல நாடுகளோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தது. நாடும் சட்டம் போடும், கூட்டமைப்பும் சட்டம் போடும். இரண்டும் முட்டிக்கொண்டால் எது நிற்கும், எது விழும் என்பதுதான் கேள்வி. இதை ஒரு பிற்பகலில் சொல்லி முடித்துவிடலாம். புலத்தில் இரண்டு துறைகள் இருந்ததால் ஒரு வருடம் ஆயிற்று.

தரைத்தளத்தில் நாட்டுச் சட்டத் துறை. அதன் தலைவரை மாணவர்கள் கீழய்யா என்பார்கள். மேல்மாடியில் கூட்டமைப்புச் சட்டத் துறை. அதன் தலைவி மாடியம்மா. இருவருக்கும் நடுவே முதல் மாடியில் வகுப்பறையும் தேர்வு அறையுமான ஒரே பெரிய கூடமும், டீனின் அறையும் இருந்தன. கீழய்யாவும் மாடியம்மாவும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் படியில் வந்தால் மற்றவர் கூடத்தில் காத்திருப்பார். யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதைப் பிற்பாடு இருவரும் தத்தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவார்கள்.

காலை வகுப்பில் கீழய்யா சொல்வார்: வீட்டுக்காரன் கதவைத் திறந்ததால்தான் விருந்தாளி உள்ளே வந்தான், வந்து உட்கார்ந்தவன் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கலாமா? ஆகவே நாட்டின் அரசியலமைப்பே மேல். பிற்பகல் வகுப்பில் மாடியம்மா சொல்வார்: எல்லாரும் ஒன்றாக வாழ்வோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, முட்டல் வரும்போது மட்டும் 'என் வீடு, என் கதவு' என்றால் போட்ட கையெழுத்துக்கு என்ன மரியாதை? ஆகவே கூட்டமைப்புச் சட்டமே மேல். அவளுக்குக் காலையில் கேட்டதும் நியாயமாகப் பட்டது, பிற்பகலில் கேட்டதும் நியாயமாகப் பட்டது. கோளாறு தன் மூளையில்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூத்த மாணவர்கள்தான் தெளிவாக்கினார்கள். கேள்வித்தாளின் ஓரத்தில் நீலக்கோடு இருந்தால் திருத்துவது கீழ்த்துறை, நாடு மேல் என்று எழுத வேண்டும். பச்சைக்கோடு இருந்தால் திருத்துவது மேல்துறை, கூட்டமைப்பு மேல் என்று எழுத வேண்டும். கோட்டைப் பார்க்காமல் கேள்வியைப் படிப்பவர்கள்தான் தோற்கிறார்கள். அவள் முதல் தேர்வில் கேள்வியைப் படித்துவிட்டாள். பாதி மதிப்பெண் வந்தது.

வகுப்பில் எல்லாரும் அவளை டிரைவிங் அக்கா என்றார்கள். அக்காவின் பக்கத்தில் உட்கார்பவள் மருந்துக்கடையில் விற்பனைக்கு நிற்கும் ஓர் இளம்பெண். வாயும் வயிறுமாக இருந்தாள். கடையில் விடியற்காலையிலிருந்து நின்றுவிட்டு, ரொட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டே வகுப்புக்கு ஓடி வருவாள். கார் சும்மா இருக்கும் நாட்களில் அக்கா அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் போவாள். வழியில், பாடத்தில் வந்த நேரடி விளைவு என்றால் என்ன, ஒழுங்குவிதி என்றால் என்ன என்று மருந்துக்கடைக்காரி கேள்வி கேட்பாள். அக்கா தப்பாகப் பதில் சொல்வாள். அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள்.

ஜன்னல் சங்கதி இவர்கள் சேர்வதற்கு முன்பே ஆரம்பித்தது. கூடத்தின் ஜன்னல்கள் தரைத்தளத் துறையின் மராமத்துக் கணக்கில் இருந்தன. ஆனால் உள்ளே வரும் காற்று எல்லை கடந்து வருவதால், அது கூட்டமைப்பின் காற்றுச் சீர்மை விதியின் கீழ் வருகிறது என்று மாடியம்மா ஒரு குறிப்பு அனுப்பினார். அப்படியானால் ஜன்னலைத் திறக்கும் அதிகாரம் யாருடையது? டீன் ஒரு கூட்டுக்குழு அமைத்தார். குழுவின் தலைமை நாற்காலியில் யார் உட்காருவது என்று தீராததால் குழு ஒருமுறையும் கூடவில்லை. முடிவு வரும்வரை எந்தத் தரப்பும் முந்திக்கொள்ளக் கூடாதென்று, எல்லா ஜன்னல்களின் கைப்பிடிகளையும் கழற்றி ஓர் உறைக்குள் போட்டு, டீன் தம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தார். டீனுக்கு இரு தரப்பிலும் நல்ல பெயர்.

அரையாண்டுத் தேர்வு கோடையின் உச்சத்தில் வந்தது. மின்விசிறிகள் கீழ்த்துறையின் மின்சாரத்தில் மேல்துறையின் காற்றைச் சுற்றுவதாக ஒரு புகார் நிலுவையில் இருந்ததால் அவையும் ஓடவில்லை. கூடம் இட்லிப் பானை மாதிரி கொதித்தது. கேள்வித்தாள் கொடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே மருந்துக்கடைக்காரி பேனாவைக் கீழே வைத்தாள். அக்கா திரும்பிப் பார்த்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள்.

மேற்பார்வைக்கு நின்றவர் ஓர் இளநிலை விரிவுரையாளர். வேலை இன்னும் நிரந்தரமாகாதவர். ஓடி வந்து பார்த்தார். "காத்து வேணும்," என்றாள் அக்கா. அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு படியைப் பார்த்தார். இதில் அதிகாரம் யாருடையது என்பது தெளிவாக இல்லாததால் இரு தளங்களுக்கும் கேள்வியை அனுப்பிப் பதில் பெற்று வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு போனார். மேற்பார்வையாளர் இல்லாத அறையில் தேர்வின் புனிதம் கெடக் கூடாதல்லவா? முதலில் மேலே போவதா கீழே போவதா என்பதிலும் ஒரு முன்னுரிமைச் சிக்கல் இருந்ததால் அவர் படியிலேயே சற்று நேரம் நின்றதாகப் பின்னால் தெரிந்தது.

உள்ளே மருந்துக்கடைக்காரிக்கு மூச்சு வாங்கியது. கண் திறக்கவில்லை. அக்கா எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி நொறுங்கி வெளியே விழுந்தது. காற்று உள்ளே வந்தது. எல்லைச் சோதனை எதுவும் நடக்கவில்லை.

இரண்டு பேர் அந்த ஜன்னல் வழியாக வெளியே இருந்த மாடித் தாழ்வாரத்தில் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார்கள். அக்கா தன் காரிலேயே அவளை மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். தாய்க்கும் வயிற்றில் இருப்பதற்கும் ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

மறுவாரம் அக்காவுக்கு இரண்டு குற்றச்சாட்டுகள் வந்தன. தரைத்தளத்திலிருந்து வந்தது, நாட்டின் ஜன்னலை உடைத்ததற்கு. மேல்மாடியிலிருந்து வந்தது, காற்றை முறையற்ற வகையில் அனுமதித்ததற்கு. இரண்டிலும் தண்டனை, படிப்பிலிருந்து நீக்கம்தான். இரண்டிலும், தங்கள் விசாரணையே முதலில் நடக்கும் என்று அடிக்கோடிட்டிருந்தார்கள்.

விசாரணைக்கு முன் கீழய்யா அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். குரல் தேனாக இருந்தது.

"உடைச்சது தப்புன்னு நான் சொல்லலம்மா. அது யாரு ஜன்னல்னு கேக்காம உடைச்சதுதான் தப்பு. நாட்டுகிட்ட முதல்ல மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு."

அங்கிருந்து வெளியே வந்ததும் மேலே கூப்பிட்டார்கள். மாடியம்மா தேநீரோடு பிஸ்கட்டும் வைத்தார். மன்னிப்பை முதலில் கூட்டமைப்புக்கு எழுதித் தந்தால், அந்த மன்னிப்பை அடுத்த மாநாட்டில் ஒரு முன்னுதாரணமாகவே வாசிப்பதாகச் சொன்னார். கண்களில் ஈரம் கட்டியிருந்தது. இவ்வளவு வருடமாக இப்படி ஒரு ஜன்னலுக்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுத் தொலைச்சிட்டுப் படிப்பைப் பாரு என்றார் அவர். இத்தனை மாத உழைப்பு ஒரு கண்ணாடித் துண்டால் போக வேண்டுமா என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். பயிற்சிக்கு வருகிறவர்களைக் குறைத்துக்கொண்டு, சமையலை அவர் தலையில் கட்டி, கண்ணெரிய உட்கார்ந்து படித்த படிப்பு. நீக்கிவிட்டால் வேறெங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்கா பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மன்னிப்புக் கேட்டா ரெண்டு பேரும் ஜெயிச்சிருவாங்க. அந்தப் பொண்ணு ஏன் விழுந்தான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"கேட்டு என்ன ஆகப் போவுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா நான் கேக்கணும்."

கணவர் துண்டை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தார். பழுதான லிப்டிடம் வாதாடிப் பயனில்லை என்று தொழிலில் கற்றிருந்தார்.

விசாரணை அதே கூடத்தில் நடந்தது. முன்புறம் ஒரு மேடை, பின்புறம் ஒரு மேடை. முன்னால் கீழய்யா, பின்னால் மாடியம்மா. ஒருவருக்கு முகம் காட்டினால் மற்றவருக்கு முதுகு காட்டியதாகும் என்பதால் அக்காவை நடுவில் பக்கவாட்டாக உட்கார வைத்தார்கள். அவள் பார்வைக்கு எதிரே சுவர்தான் இருந்தது. உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தார்கள். முதலாண்டு மாணவர்கள் கல்வி நோக்கில் பார்வையாளராக அனுமதிக்கப்பட்டார்கள்.

டீன் தொடங்கிவைத்தார். ஒருவரைத் தண்டிக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற கொள்கையில் மட்டும் இரு தளங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, இது நமது புலத்தின் பெருமை என்றார். நேரம் வீணாகாமலிருக்கத் தீர்ப்புகள் காலையிலேயே தட்டச்சு செய்யப்பட்டுவிட்டன என்பதையும் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

கீழய்யா எழுந்தார். "ஒரு பெண் மயங்கி விழுந்தது வருந்தத்தக்கது. ஆனால் மயக்கம் என்பது உடல்நிலை. ஜன்னல் என்பது நிலைப்பாடு. நாட்டின் ஜன்னலை நாடு திறக்கும், அல்லது திறக்காமல் இருக்கும். திறக்காமல் இருப்பதில்தான் இறையாண்மை முழுமையாக வெளிப்படுகிறது. ஏனென்றால் திறப்பதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்."

மாடியம்மா தம் மேடையிலிருந்து பேசினார். "காற்றுக்கு எல்லை கிடையாது. ஆகவேதான் எந்தக் காற்றும் எங்களைக் கேட்காமல் எங்கும் நுழைய முடியாது. இந்த மாணவிக்கும் மயங்கிய மாணவிக்கும் மூச்சு விடும் உரிமை உண்டு. அதை என் நூலில் ஓர் அத்தியாயம் முழுக்க நிலைநாட்டியிருக்கிறேன். அந்த அத்தியாயத்தைப் படிக்காமலேயே இவர்கள் மூச்சு விட்டார்கள் என்பதுதான் என் வேதனை."

இருவரும் உட்கார்ந்து தத்தம் தீர்ப்பில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். மாணவி இப்போது பேசலாம் என்றார் டீன்.

அக்கா எழுந்தாள். எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் ஒரு நிமிடம் தடுமாறினாள். பிறகு சுவரைப் பார்த்தே பேசினாள்.

"எனக்குப் பாடம் பாதிதான் புரிஞ்சுது. மார்க்கும் பாதிதான். அதனால பெரிசா ஒண்ணும் சொல்ல வரல. ஒரே ஒரு சந்தேகம். அன்னிக்கு அந்த ஜன்னலத் திறந்து வச்சிருக்க வேண்டியது யாரு? யாராவது எந்திரிச்சு நான்தான்னு சொல்லுங்க. அவங்ககிட்ட இப்பவே மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

பேனாக்கள் நின்றன. அந்த ஜன்னலுக்காக ஒன்பது கட்டுரைகள் எழுதிய கீழய்யா, ஜன்னலில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். அதே ஜன்னலுக்காகக் கடல் தாண்டிப் போய்ப் பேசி வந்த மாடியம்மா, தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். டீன் இருமினார். கூடத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"யாருமே இல்லியா?" என்றாள் அக்கா. "அப்ப நான் உடைச்சது யாரோடதும் இல்ல."

மாணவர் பக்கம் யாரோ கை தட்டினார்கள். டீன் அவசரமாக, அந்தக் கேள்வி இன்றைய விசாரணையின் வரம்புக்கு அப்பாற்பட்டது, அதைக் கூட்டுக்குழு கவனிக்கும் என்று அறிவித்தார்.

தீர்ப்புகள் வந்தன. கீழ்த்துறை அவளை நீக்கியது. கீழ்த்துறைக்கு அதிகாரமில்லை என்று மேல்துறை அந்த நீக்கத்தை ரத்து செய்து, தானே அவளை நீக்கியது. அந்த நீக்கத்தைக் கீழ்த்துறை அன்று மாலையே ரத்து செய்தது. ஆக மொத்தம் இரண்டு நீக்கம், இரண்டு ரத்து. அவள் மாணவியா இல்லையா என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, ஆம் என்றும் சொல்வதற்கில்லை, இல்லை என்றும் சொல்வதற்கில்லை என்றார்கள்.

மறுநாள் காலை அக்கா வகுப்புக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கீழய்யா பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே போகச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. என்னை நீக்கிட்டீங்களா என்று கேட்டாள். நீக்கிவிட்டோம் என்றால் மேல்துறையின் ரத்தையும் சேர்த்து நினைவூட்டியதாகும், நீக்கவில்லை என்றால் சொந்தத் தீர்ப்பையே கைவிட்டதாகும். அவர் சிறிது யோசித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். பிற்பகலில் மாடியம்மாவும் தொடர்ந்தார். வருகைப் பதிவில் மட்டும் அவள் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதப்படவில்லை.

இதற்குள் மருந்துக்கடைக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இறுதித் தேர்வுக்குக் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அவளும் வந்தாள். அக்காவுக்கு நுழைவுச்சீட்டு தருவதா என்று முடிவாகாததால், தரக் கூடாது என்றும் முடிவாகவில்லை. அவளும் உட்கார்ந்தாள்.

கேள்வித்தாளைப் பிரித்தவர்களுக்கு முதலில் குழப்பம். ஓரத்தில் நீலமும் பச்சையுமாக இரண்டு கோடுகளும் இருந்தன. வழக்கு அவ்வளவு பிரபலமாகிவிட்டதால் இரு துறைகளும் தனித்தனியாக அதையே கேள்வியாக்கியிருந்தன. டீன் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார். ஒரே கேள்வி: 'அமைதியாக நடந்துகொண்டிருந்த ஒரு தேர்வில், ஒரு மாணவி காரணமின்றி ஜன்னலை உடைக்கிறாள். அவளைத் தண்டிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்துக்கு உண்டு? விவாதிக்கவும்.'

அக்கா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவளுடைய காதுமடல்கள் சிவந்தன. ஆனால் எழுந்தது அவளல்ல. பக்கத்து மேசையில் மருந்துக்கடைக்காரி எழுந்து நின்றாள்.

"சார், கேள்வில தப்பு இருக்கு. காரணமின்றின்னு போட்டிருக்கு. அந்தக் காரணம் நான்தான்."

அதே இளநிலை விரிவுரையாளர்தான் மேற்பார்வைக்கு நின்றார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கேள்வியைத் திருத்தத் தமக்கு அதிகாரமில்லை, உட்கார்ந்து எழுதுமாறு கேட்டுக்கொண்டார். அவள் உட்கார்ந்து எழுதினாள். எந்தச் சட்டம் மேல் என்று எழுதவில்லை. அன்று என்ன நடந்தது என்று எழுதினாள்: வெக்கை, கழற்றிய கைப்பிடிகள், தாழ்ப்பாள் விழுந்த சத்தம், முகத்தில் வந்து மோதிய காற்று. அக்காவும் அதைத்தான் எழுதினாள். பின்வரிசையில் இருந்தவர்களும் அதைத்தான் எழுதினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. எல்லாரும் அன்று அங்கே இருந்தவர்கள்.

முடிவு வந்தது. முதலாண்டு முழுவதும் பூஜ்யம். விடைத்தாள்களின் மேல் நீல மையில், 'வழக்கின் உண்மைகள் மாணவருக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே பச்சை மையில், 'உடன்படுகிறேன்' என்று எழுதியிருந்தது. புலத்தின் வரலாற்றில் இரு துறைகளும் உடன்பட்டது அதுவே முதல் முறை என்று டீன் ஒரு சிறு தேநீர் விருந்து கொடுத்தார். கீழய்யாவும் மாடியம்மாவும் ஒரே மேசையில் நின்று பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

மறுதேர்வு எழுதினால் தேற்றிவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கேள்வியில் கொடுத்த உண்மைகளை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அக்கா மாட்டேன் என்றாள். அவள் ஒருத்திதான் அப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். மறுதேர்வு நாளில் கூடத்தில் இளநிலை விரிவுரையாளர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். மாணவர்கள் வெளியே புல்தரையில் உட்கார்ந்து மருந்துக்கடைக்காரியின் குழந்தையைக் கைமாற்றிக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் நிர்வாகத்தில் யாரோ ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். முதலாண்டில் ஒருவரும் தேறாவிட்டால் அடுத்த ஆண்டு இரண்டாமாண்டு வகுப்பே கிடையாது. வகுப்பு இல்லாவிட்டால் அதை நடத்தும் பேராசிரியர்கள் எதற்கு? இந்தக் கேள்விக்கு நாட்டுச் சட்டத்திலும் கூட்டமைப்புச் சட்டத்திலும் ஒரே பதில்தான் இருந்தது. இரண்டே நாளில் கூட்டுக்குழு கூடியது. தலைமை நாற்காலியைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

அறிவிப்புப் பலகையில் டீனின் கையெழுத்தோடு ஆணை ஒட்டப்பட்டது. மாணவர் நலன் கருதி, இந்த ஆண்டுக்கு மட்டும், மேற்படி தேர்வு அறையில் நடந்தது நடந்ததாகவே கருதப்படும். முதலாண்டு மாணவர் அனைவரும் தேறியவர்களாவர்.

கூட்டம் ஆரவாரித்தது. அக்காவைத் தோளில் தட்டினார்கள். அவள் ஆணையைத் திரும்பவும் படித்தாள். பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள். 'இந்த ஆண்டுக்கு மட்டும்' என்ற சொற்களின் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

அலுவலக எழுத்தர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்னக்கா இது? டீனோட ஆணையக் கிறுக்கலாமா? இந்தப் பலகை எந்தத் துறைக்குச் சொந்தம்னே இன்னும் முடிவாகல. நான் யார்கிட்டப் போயிப் புகார் குடுப்பேன்?"

"முடிவானதும் சொல்லி அனுப்புங்க, வரேன்," என்றாள் அக்கா. "மூணு மணிக்கு மேலன்னா மட்டும் முடியாது. ஒருத்தங்களுக்கு ரிவர்ஸ் சொல்லித் தரணும்."

அவள் படியிறங்கிப் போனாள். பேனா மருந்துக்கடைக்காரியின் கைக்கு வந்திருந்தது. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவளும் அதே சொற்களின் மேல் ஒரு கோடு போட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. எழுத்தர் தடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். கடைசியில் நின்றவனின் முறை வந்தபோது அடிப்பதற்குச் சொல் எதுவும் மிச்சமில்லை. அவன் டீனின் கையெழுத்தை அடித்தான்.